குடிக்காமல் வைத்த தேத்தண்ணி

எனக்குப் பெருமையடித்துக்கொள்ளப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். பக்கவாதம் வந்து ஆண்டுக்கணக்கில் அதோடு வாழ்பவர்களைப் பற்றிய மருத்துவ ஆய்வு ஒன்றில் இன்று தாதியாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்புவது என் வேலை.

'விழுங்கச் சிரமமா?' என்று அதில் ஒரு கேள்வி. தோட்டத்து வீடுகளில் எல்லாரும் இல்லை என்றார்கள். நானும் சமர்த்தாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் வீட்டில்தான் முழித்துக்கொண்டேன். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலக்கை முடங்கியவர். அந்த ஆண்டில் மட்டும் இரண்டு முறை நுரையீரல் காய்ச்சலோடு தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு முறை வந்தால் உடம்பு தாங்காது என்று அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

"விழுங்கறதுல ஒன்னும் இல்லலா. நல்லா இருக்கேன்" என்றார்.

அவர் மனைவி எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். லயத்தில் விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடமாட்டார்கள். வீட்டுக்காரரும் கூடக் குடிக்க வேண்டும். நான் குடித்து முடித்தேன். அவருடைய கிளாஸில் ஆடை படர்ந்துவிட்டது.

"நீங்க குடிக்கலையா, மாமா?"

"இப்பத்தான் குடிச்சேன்."

"எங்க குடிச்சீங்க? தேத்தண்ணியத் தொட்டே ஒரு வருஷமாச்சு!" மனைவி வெடித்துவிட்டார். "குடிச்சா புரையேறுதும்மா. ஆளுங்க முன்னால இருமக் கூச்சம் இவருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அட கடவுளே, நுரையீரலுக்குள் இறங்கிய தண்ணீர்தானே அந்தக் காய்ச்சல்! "ஏன் மாமா மறைச்சீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"சொன்னா மூக்குல குழாய் போட்ருவீங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போட்டீங்க. குழாயோடயே போய்ட்டான்." விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி எண்ணி, தோட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார்.

"எல்லாருக்கும் குழாய் இல்ல மாமா. நான் கூட வரேன்" என்று கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். விழுங்கும் பயிற்சி தருபவர், எதையும் கொஞ்சம் கெட்டியாக்கி, தலையைக் குனிந்து, மிடறு மிடறாக விழுங்கப் பழக்கினார். குழாய் தேவைப்படவில்லை.

ஆய்வுக் கூட்டத்தில், பெரிய பெரிய டாக்டர்கள் முன்னால் எழுந்து நின்றேன். கேள்வித்தாளை உயர்த்திக் காட்டினேன். தோட்டத்தில் இதை வாயால் கேட்டால் பதில் வராது, எதிரில் உட்கார்ந்து குடிக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளே மாறியது. என்னால்!

மழைக்காலம் முழுக்க அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. மழை முடிந்து நான் மறுபடி போனபோது அவர் வீட்டு பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் பக்கவாதக்காரர்கள், மூவரும் என்னிடம் 'இல்லை' என்றவர்கள்.

"இவனுங்களும் உன்கிட்ட மறைச்சிருக்கானுங்கம்மா, எழுதிக்க" என்றவர், அவர்கள் பக்கம் திரும்பி அதட்டினார். "நம்ம லயத்துப் புள்ளதான்டா. பயப்படாம சொல்லுங்க."

முதலில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குச் சோறுகூட அடைக்குதும்மா."