கல்வெட்டின் கடைசித் தாள்

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதைக் கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, இறுதியில் நன்றி நவிலல். பிறருக்காகப் பல கல்வெட்டுகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டு என் ஒரே மகனுக்கு எழுதினேன்.

மரணத்தின் காரணம் கல்வெட்டில் இடம்பெறுவதில்லை. 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. மாமனாரின் கல்வெட்டிலும் மனைவியின் கல்வெட்டிலும் அதே தொடர்தான். இருவருக்கும் கால் வீங்கியது. இருவரும் அறுபதைக் காணவில்லை. நாங்கள் இருவரும் குடித்த வீட்டுக் கிணற்றைக் குற்றம் சொன்னோம். இறைத்துத் துப்புரவாக்கினோம், பின்னர் அதில் குடிப்பதையே நிறுத்தினோம்.

மகன் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பின்னர், பரம்பரைச் சிறுநீரக நோயை ஆராயும் இருவர் எங்கள் அரியாலை வீட்டுக்கு வந்தனர். ஒருவர் பேராசிரியர், மற்றவர் அவரிடம் கற்று ஆய்வாளரான பெண். ஆய்வாளர் கிணற்று நீரையும் மகனின் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஐயா, உங்கடை வீட்டிலை பழைய கல்வெட்டுகள் இருக்கோ?"

அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து வம்சாவளிப் பக்கங்களை மட்டும் பார்த்தார். எவர் எந்த வயதில் போனார், கால் முகம் வீங்கியதா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். கதிரையில் சாய்ந்திருந்த மகன், "செத்தவையெல்லாம் இப்பதான் கிளினிக்குக்கு வருகினம்" என்றான். அவர் சிரித்தார், அவனும் சிரித்தான். அந்த மாதத்தில் அவன் சிரித்ததை நான் கண்டது அன்றுதான்.

சில மாதங்களின் பின் பேராசிரியர் நேரில் வந்து விளக்கினார். கிணற்றில் குற்றமில்லை. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் வளரும் நோய். மாமனாரிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து மகனுக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. முன்கூட்டியே அறிந்து இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பல ஆண்டுகளை மிச்சம் பிடிக்கலாம். மகனுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டிருந்தது. அதையும் அவர் மறைக்கவில்லை.

ஆகவே நன்றி நவிலலில், பந்தல் போட்டவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் முன்பாக, அந்த இருவரின் பெயர்களை எழுதினேன். அவர்களால் என் மகனைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் எதனால் இறக்கிறான் என்பதை அவனுக்குச் சொன்னார்கள். என் மனைவி அதை அறியாமலே போனாள் என்று எழுதினேன். நோயின் பெயரையும், இரத்த உறவினர் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

அச்சுப்படியைப் பார்த்த மனைவியின் தம்பி கொடிகாமத்திலிருந்து வந்தார். அவர் இன்றுவரை தம்மைச் சோதித்துக்கொள்ளவில்லை. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தான், கல்வெட்டிலை ஆசுப்பத்திரிக்கு விளம்பரம் போடுறியளோ?" என்று பகிடியாகத்தான் தொடங்கினார். "என்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பும். போன பிள்ளைக்கு இனி என்ன? இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ."

"அவளைப் பார்த்துத்தான் தம்பி எழுதினனான்."

தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கீரிமலையில் கிரியை முடித்து வந்து மதியம் வீட்டில் சாப்பாடு. பேராசிரியருக்கு வர இயலவில்லை. ஆய்வாளர் வந்து பந்தியில் இருந்து சாப்பிட்டார். எவரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. கல்வெட்டை வாங்கியவர்கள் வழக்கம்போல வம்சாவளியில் தங்கள் பெயரைத் தேடினர். தாளைத் திருப்பிய சிலர் தலை நிமிர்ந்து, அறியாத முகம் எதுவென்று பந்தியில் பார்த்தனர். கொடிகாமத்து உறவினருக்கான பிரதிகளைத் தாமே கொடுப்பதாக மைத்துனர் கட்டிக்கொண்டு போனார். கோபம் தணிந்துவிட்டது என்று எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய மகள் தனியே வந்தாள். வவுனியாவில் வேலை; அந்தியேட்டிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கையில் ஒரு கல்வெட்டு இருந்தது.

"மாமா, என்ரை பேரைத் தேடினன். வம்சாவளியே இல்லை. எங்களை விட்டிட்டியளோ?"

வாங்கிப் பார்த்தேன். கடைசித் தாள் பிளேடால் மிக நேராக வெட்டப்பட்டிருந்தது. அதன் ஒரு பக்கம் நன்றி நவிலல், மறுபக்கம் வம்சாவளி. ஒன்றை அகற்ற மற்றதையும் அகற்ற வேண்டியிருந்தது.

முழுப் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். முதலில் தன் பெயரைக் கண்டாள். பிறகு தாளைத் திருப்பி, நின்றபடியே வாசித்தாள். மீண்டும் வம்சாவளிக்கு வந்து, தன் பாட்டனாரிலிருந்து என் மனைவிக்கும் அங்கிருந்து என் மகனுக்கும் விரலை நகர்த்தினாள். விரல் பாட்டனாரிடம் திரும்பி, மற்றக் கிளையில் இறங்கி, தந்தையின் பெயரில் நின்றது.

"அப்பாவுக்கும் இருக்கோ, மாமா?"

"தெரியாது பிள்ளை. அவர் பாக்கேல்லை."

"அப்ப நான் பாக்கிறன்."

ஆய்வாளருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையில் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர், "பிள்ளையிட்டைக் குடுங்கோ ஐயா" என்றார்.

மைத்துனர் என்னோடு கதைப்பதில்லை. அவளுடைய சோதனை முடிவு இன்னும் வரவில்லை.