நாவலாசிரியரின் நாற்காலி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பதினெட்டு வருஷம், தினமும் காலையில் ஒரு பிரம்பு நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அதற்கு ஒரு கை ஆடும். முதுகில் ஓர் ஆணி எட்டிப் பார்க்கும். என் நாலு சட்டைகள் அதற்குப் பலி. ஆனால் எங்கள் ஊர் நாவலாசிரியர் தாலுக்கா ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது அவருக்குக் கொடுத்த நாற்காலி அல்லவா? கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள எங்கள் சின்ன ஊருக்கு அவரை விட்டால் வேறு பெருமை கிடையாது. அவர் புண்ணியத்தில் ஊரில் யாரைத் தட்டினாலும் ஒரு நாவல் உதிரும். என்னைத் தட்டினால் முதல் அத்தியாயம் மட்டும்.

அந்த நாற்காலிக்காகவே, யாரும் தொட விரும்பாத புறம்போக்கு செக்‌ஷனைக் கேட்டு வாங்கினேன். ஹெட் கிளார்க் கரமனைக்காரர். நாவலாசிரியரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்பது அவருடைய ஆபீஸ் வேதம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஓய், அந்தக் கசேரைதான் வேணும்னு நிர்ப்பந்தமா?" என்றார். ஆமாம் என்றேன். "செரி, இரும்."

டீ குடிக்கப் போகிறவர்கள் நாற்காலியில் குடையை வைத்துவிட்டுப் போவது எங்கள் ஆபீஸ் வழக்கம். குடை இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், தாசில்தாரே மதிப்பார். நான் மட்டும் எழுந்திருக்க மாட்டேன். எந்த நிமிஷம் மகா நாவல் வந்துவிடுமோ, யார் கண்டது? கடைசியில் மூலவியாதிதான் வந்தது.

போன மாதம் ஊர் நூலகத்தில் நாவலாசிரியருக்கு நினைவு அறை திறந்தார்கள். நாற்காலி கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. அதைக் காத்தவன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். எழுதாத நாவலுக்குக் கிடைக்கப்போகிற ஒரே மரியாதை என்பதால் கஞ்சி போட்ட வேட்டியில் போனேன். "இந்தப் பிரம்பில்தான் அவருடைய மூன்று நாவல்களும் பிறந்தன" என்று தழுதழுத்தேன். நல்ல கைதட்டல். ரிட்டயராகிப் பாதியாக இளைத்துவிட்ட ஹெட் கிளார்க்கும் முன்வரிசையில் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பெட்டியருகே அழைத்துப்போனேன். இத்தனை வருஷம் கேட்கத் தோன்றாததை அன்றைக்கு ஏனோ கேட்டேன்.

"சார், அவர் இதுல எப்படி இருந்து எழுதுவார்? சம்மணம் போட்டா?"

"இதுலயா? எழுதினதெல்லாம் எதிர்த்த சாயாக்கடை பெஞ்சுலயாக்கும். இங்க அவர் இருந்து நான் கண்டதில்லை."

"அப்போ இதுல?"

"குடை."

பெட்டிக்குள் ஆணி இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சார்!"

"நீர் கேக்கலையே, ஓய்" என்று தோளைத் தட்டினார். "போட்டும், விடும். அந்தக் குடையைவிட நீர் ஒண்ணும் குறைச்சலா எழுதிடலை."