பாசித் தொட்டியும் கொசு எண்ணெயும்

எண்பதுகளில், பல்கலைக்கழக இறுதியாண்டில், எனக்குப் பாசிப் பைத்தியம். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் ஆலை. அதன் கழிவுநீரின் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்த அம்மோனியாவைத் தின்றே வளரும் நுண்பாசி உண்டென்று படித்திருந்தேன். ஆலை மேனேஜரிடம் ஆங்கிலத்தில் படபடவென்று பேசி, கழிவுநீர் நிரம்பிய ஒரு சிமெண்டுத் தொட்டியை வாங்கி, ஆய்வகத்தில் வளர்த்த பாசியை அதில் விட்டேன். நாலு வாரத்தில் நெடி போனால் ஒரு குளத்தையே தருவதாகச் சொன்னார். போகாவிட்டால் தொட்டியும் கிடையாது.

நான் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், மூங்கில் கழியால் நீரைக் கலக்கிவிடுவேன். மூன்றாம் வாரம் தொட்டி பசேலென்று ஆனது. குனிந்து முகர்ந்தேன். கண் எரியவில்லை. அங்கேயே ஒரு குதி குதித்தேன்.

மேனேஜர் பார்வையிடுவதற்கு முந்தைய நாள் போனால், நீர்மேல் வானவில் மினுங்குகிறது. மண்ணெண்ணெய் வாடை. பச்சையெல்லாம் பழுப்பாகி அடியில் கிடந்தது.

ஆலைச் சாக்கடைகளுக்கு வாராவாரம் கொசு எண்ணெய் அடிக்கும் அண்ணன், முதுகில் பம்புடன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு தொரை வராராம்ல தம்பி? ஒன் தொட்டி ஒரே பாசியாக் கெடந்துச்சு. மானம் போயிருமேன்னு ரெண்டு தடவ அடிச்சேன். ஒரு புழு இல்ல, பாரு!"

"அண்ணே, அந்தப் பாசிதாண்ணே தண்ணிய சுத்தம் பண்ணுது..."

சிரிப்பு நின்றது. "படிச்ச புள்ள, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா லா?"

சொல்லவில்லைதான். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிவரை எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். இவருக்குப் பார்க்கும்போதெல்லாம் கையசைத்ததோடு சரி. யார்மேல் கோபப்படுவது?

இருவருமாகப் பழைய செய்தித்தாள்களை நீர்மேல் விரித்து எண்ணெயை ஒற்றி ஒற்றி எடுத்தோம். எண்ணெய் வந்தது. பச்சை வரவில்லை.

மறுநாள் மேனேஜர் குனிந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். செத்த பாசி நாறத் தொடங்கியிருந்தது. எனக்கு ஆங்கிலமே வரவில்லை. அண்ணன்தான் முன்னால் போய், "துவான், சாயா சாலா," தப்பு என்னுதுதான் என்று மலாயில் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். மேனேஜர் அதற்குள் காரை நோக்கி நடந்துவிட்டார்.

தொட்டியைக் காலி செய்த அன்று அண்ணனும் வாளி பிடித்தார். பழுப்பு நீர் சாக்கடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பம்பைத் தொடவில்லை.

"இதுல கொஞ்சமாச்சும் உசுரு இருக்குமா தம்பி?"

முந்தைய நாளே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டிருந்தேன்; ஒன்றும் மிஞ்சவில்லை.

"இருக்கும்ணே," என்றேன்.