அக்கி எழுதிய நெற்றி

வைரஸ் உறங்குவதைப் பார்ப்பதுதான் என் வேலை. காய்ச்சலாக வந்து, கொப்புளமாக ஆடிவிட்டு, நரம்பின் வேருக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும் வைரஸ். ஆய்வகத்தில் நாள் முழுக்க அதையே பார்த்தால் எனக்கும் அரைத்தூக்கம் பிடித்துவிடும். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள், நான் மறுப்பதில்லை.

போன சித்திரையில் அக்கா போன் செய்தாள். நெற்றியில் அக்கியாம், வலது கண்ணுக்கு மேலே. டாக்டர் தோழியிடம் கேட்டு, உத்திரமேரூரில் மாத்திரை வாங்கிக்கொண்டு மானாம்பதி பஸ் ஏறினேன். வெயிலில் ஏரிக்கரைப் பனைமரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடின. எதுவும் நிஜமாகத் தெரியவில்லை.

அக்கா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். குயவர் வீட்டில் காவி குழைத்து நெற்றி நிறைய அக்கி எழுதிவிட்டிருந்தார்கள். காவிக்கு வெளியே, மூக்கு நுனியில், ஒரு கொப்புளம். அங்கே வந்தால் அடுத்தது பெரும்பாலும் கண்தான். அவள் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"இத இப்பவே போடுக்கா. நாளைக்கு கண் டாக்டராண்ட போலாம்."

"போட்டுக்கிறேன். இது எப்டிடி வந்துச்சு? வெயில்லயா?"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சின்ன வயதில் உனக்கு அம்மை வந்ததே, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களே, அது போகவே இல்லை, காதுக்குப் பக்கத்தில் நரம்பு வேரில் இத்தனை வருஷம் தூங்கி இப்போது எழுந்திருக்கிறது என்று ஆசை ஆசையாக விளக்கினேன்.

அக்கா மாத்திரையை மெஷின் மேல் வைத்துவிட்டாள்.

"அப்போ இது அக்கி இல்ல. அம்மா."

"அந்த அம்மையோட வைரஸ்தான்க்கா, அவ்ளோதான்."

"அம்மா ஒடம்புல கீறப்போ எவளாச்சும் மாத்திர முழுங்குவாளா?"

அக்கிக்கு மருந்து உண்டு. அம்மன் வந்த உடம்புக்குக் கூடாது. பாடம் நடத்தி அவள் கண்ணுக்கு நானே உலை வைத்துவிட்டேன். கெஞ்சினேன், திட்டினேன். அவள் வேப்பிலை ஒடித்து வந்து தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. வேப்பங்காற்றில் எனக்கே கண் சொருகியது.

"ஊட்டுக்காரரு போனப்புறம் ஒண்டியா கீறேன்னு எவ்ளோ அழுதிருப்பேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "அப்பல்லாம் இவ இங்கதான் இருந்தாளா?" காதோரத்தைத் தொட்டாள்.

"இங்கதான்."

அவள் கண்ணோரம் ஈரமாகிக் காவி கரைந்தது.

"இந்த மாத்திர அவள தொரத்திடாது?"

எங்கள் துறையில் இன்னும் யாராலும் முடியாத காரியம் அது. கூட்டங்களில் அதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாக இறங்கிவிடும். அன்று துள்ளியது.

"தொரத்தவே முடியாதுக்கா. தூங்கதான் வெக்கும்."

"மெய்யா?"

"மெய்யா."

அக்கா எழுந்து உட்கார்ந்து தண்ணீருக்குக் கை நீட்டினாள். "தூங்கட்டும், பாவம்" என்று சொல்லி மாத்திரையை விழுங்கினாள்.