துரைக்கு எதிரே ஒரு ஹாக்கி ஆட்டம்

புளித்துப்போன ரப்பர்ப் பாலின் வாடையை முகராதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. முகர்ந்தவர்களுக்கு எழுதவே வேண்டியதில்லை. எந்தச் சோப்புக்கும் அசையாமல் அந்த வாடை சவரிமுத்துவின் சட்டையில் குடியிருந்தது. வகுப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் ஹாக்கி மட்டையோடு எல்லைக்கோட்டை ஒட்டி அவர் ஓடும்போது அதே வாடை எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். எனக்கு அது சாம்பிராணிப் புகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் நடந்த கதை இது. ஈப்போவில் இருந்த ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்பு, சவரி கடைசி வகுப்பு. இருவரும் ஜெலாப்பாங்கைத் தாண்டியிருந்த ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்து வருவோம். என் அப்பா அங்கே 'கிராணி', அதாவது தோட்டத்துக் கணக்கெழுத்தர். சவரிக்குத் தகப்பனார் இல்லை, தாயார் பால்வெட்டினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகனும் கூடப் போய் வெட்டினார். அவருடைய படிப்புக்கு யாரோ ஒரு பாதிரியார் தயவு. எனக்கோ மட்டையைக் கையில் கொடுத்தால் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் படும். ஆகவே ரசிகனானேன். திறமையில்லாதவனுக்கு உலகம் ஒதுக்கிவைத்திருக்கிற இடங்கள் இரண்டு. மற்றொன்று எழுத்து, அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தேன்.

வருஷம் ஒருமுறை எங்கள் பள்ளிக்கூட அணி, தோட்டத்துத் துரைமார்களின் அணியோடு ஊர் நடுவிலிருந்த 'பாடாங்' என்னும் திடலில் மோதும். அந்த வருஷம் எங்கள் தோட்டத்துத் துரையே எதிரணியில் தடுப்பாட்டக்காரர். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருந்தது. ஓர் அரசாங்க அலுவலகத்தின் வெள்ளைக்கார அதிகாரி தம் அலுவலக அணிக்கு நல்ல முன்னணி ஆட்டக்காரன் தேடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்தில் சவரி சோபித்தால் அவருக்கு அங்கே குமாஸ்தா வேலை. இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாளே பால்வெட்டுக் கத்தி. விளையாட்டு வாத்தியார் இதை எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டதால் கூலிக்காரர்கள் குடியிருந்த தோட்டத்து லயம் முழுவதும் தெரிந்துபோயிற்று.

இங்கே எங்கள் தோட்டத்துச் சாலை விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரை குதிரையிலோ மோட்டாரிலோ வந்தால் சாலையில் யாரும் நிற்கக்கூடாது. நடப்பவர்கள் ஓரத்துக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். என் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி, குடையையும் மடக்குவார். மழை பெய்தாலும் மடக்குவார். முதலில் பார்த்தவர்கள் "தொரை வாரார்!" என்று குரல் கொடுப்பது வழக்கம். எனக்குக் கண் கூர்மை. அந்தக் குரலை எல்லாருக்கும் முந்திக் கொடுப்பதில் தோட்டத்திலேயே என்னை அடிக்க ஆள் கிடையாது. சின்ன வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை அதுதான் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்போது கூசவில்லை.

ஆட்டத்தன்று லயத்து ஆட்கள் முப்பது பேராவது நடந்தே வந்துவிட்டார்கள். கிளப் வராந்தாவில் துரைசானிகள் நாற்காலியில் இருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், முதுகுக்குப் பின்னால் மழைநீர்க் கான் ஓடுகிற ஓரத்தில் நின்றோம். அப்பா எங்களுக்குச் சட்டம் போட்டார்: "தொரை பந்தை விட்டுட்டா சிரிக்கப்படாது. அடிச்சிட்டார்னா கைதட்டணும். ஆனா ரொம்பத் தட்டினா கேலின்னு நெனச்சுக்குவாரு, அளவாத் தட்டு."

முதல் பாதியிலேயே அந்தச் சட்டம் ஆட்டம் கண்டது. துரை ஒருமுறை மட்டையை ஓங்கிச் சுற்றிப் புல்லை மட்டும் பெயர்த்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற முனியம்மா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தொரைக்கு வேர்க்குது பாருடா! வந்து பன்னெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

"மெதுவா லா அக்கா, எங்கப்பா நிக்கிறாரு."

"நிக்கட்டுமே. அவருக்கும் சிரிப்பு வருது, மீசை ஆடுது பாரு."

சவரி வெறுங்காலோடு ஆடினார். அவர் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்துத் துரைசானிகளே எழுந்து நின்றார்கள். முதல் கோல் அவருடையது. அவருடைய தாயார் கையைத் தட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டார். பிறகு எதிரணி ஒன்று போட்டுச் சமமாக்கியது.

கடைசி சில நிமிஷங்கள் இருக்கும்போது சவரிக்குப் பந்து கிடைத்தது. ஒருவரை இடப்பக்கம் ஏமாற்றினார், இன்னொருவரை வலப்பக்கம். இனி கோல்காரர் ஒருவர்தான். பக்கவாட்டிலிருந்து துரை சிவந்த முகத்தோடு ஓடிவந்ததை, கண் கூர்மையுள்ள நான், எல்லாருக்கும் முந்திப் பார்த்துவிட்டேன். ரசிகன் எச்சரிக்க வேண்டாமா? நெஞ்சில் இருந்த அன்பையெல்லாம் திரட்டித் தொண்டை கிழியக் கத்தினேன்:

"சவரிண்ணே, தொரை வாரார்!"

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். லயத்து ஆட்கள் முப்பது பேரும் ஒரே அடியாகப் பின்னால் போனார்கள். இரண்டு பேர் கானுக்குள் விழுந்தார்கள். என் அப்பா மடக்கியிருந்த குடையை மறுபடியும் மடக்கப் பார்த்தார். திடலில் சவரி பந்தை விட்டு இரண்டடி ஒதுங்கி, தலைகுனிந்து நின்றார். அவருடைய இடது கை தலைக்குப் போய், அங்கே இல்லாத துண்டைத் தேடியது.

துரை பந்தை எடுத்துக்கொண்டார். அவர் அடித்த நீண்ட அடியை எதிர்ப்பக்கத்தில் அவருடைய ஆள் ஒருவர் வாங்கிக் கோலாக்கினார். வராந்தாவில் ஒரே சிரிப்பு. துரை திரும்பி வந்து சவரியின் தோளைத் தட்டி "குட் பாய்" என்றார். கேலியாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கசப்பாக இருக்கிறது. அந்த அலுவலக அதிகாரி, ஆட்டம் தெரிகிறது, நெஞ்சுரம்தான் போதாது என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிக்கொண்டார்.

லயத்து ஆட்களோடு திரும்பி நடந்தோம். அப்பா, "நல்ல வேளை, தொரை ஜெயிச்சாரு," என்றார். முனியம்மா அக்கா அவர் காலடியில் காறித் துப்பினாள். கிராணியை நோக்கி ஒரு கூலிப் பெண் துப்பியதை நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

பரீட்சை முடிந்ததும் சவரி அதிகாலைப் 'பெரட்டு'க்கு, அதாவது ஆள் எண்ணும் வரிசைக்கு, கத்தியோடு வந்து நின்றார். ஆறேழு வருஷம் கழித்து அதே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை எனக்குக் கிடைத்தது. ஹாக்கி ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு அங்கே தலைமைக் குமாஸ்தாவைத் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

இப்போது துரை சீமைக்குப் போய்விட்டார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் இடுப்பளவு லாலான் புல். போன மாதம், லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சவரி தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தெலுக் இந்தானில் மகள் வீடு இருக்கிறதாம். முடி நரைத்து, கால் நரம்பு புடைத்திருந்தது. நான் அலுவலகத்துச் சப்பாத்தோடு நின்று, முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன்: அன்றைக்கு நான்தான் கத்தினேன், அதனால்தான் எல்லாம் போயிற்று.

அவர் ஒரு பாயைச் சுருட்டி மேலே போட்டுவிட்டுத் திரும்பினார்.

"நீங்க கத்தினீங்களா தம்பி? எனக்குக் கேக்கவே இல்லீங்களே. எதுக்க அவரு வந்தாரு, காலு தானா எறங்கிருச்சு. அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?"

உண்மையாக இருந்தால், இத்தனை காலமும் எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே பெரிய பாவமும் என்னுடையது இல்லை. பொய்யாக இருந்தால், கிராணி மகன் மனம் நோகக்கூடாதென்று அவர் இன்னொருமுறை ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார். இரண்டில் எது என்று கேட்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது.

கேட்டிருக்கலாம். அந்த மேடுபள்ளத்தில் லோரி அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை.