இடது முன்சக்கரத்துக் களி

சவரிநாதன் ஓட்டாத கார் இல்லை. ஆனால் எதையும் முப்பது அடிக்கு மேல் ஓட்டியதில்லை.

1993இல் திண்டிவனத்தில், விழுப்புரம் போகும் சாலையோரம் பஞ்சர் கடை போட்டார். ஒரு கம்ப்ரசர், இரண்டு ஜாக்கி, தகரக் கூரை. பின்னால் வீடு. காரின் சொந்தக்காரர் எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது வண்டியைக் கூரைக்கு அடியில் கொண்டுவருவார். முப்பது அடி. போகும்போது முதல் கியர், வரும்போது ரிவர்ஸ். பத்தொன்பது வருடமாக இதே. மூன்றாவது கியரை அவர் தொட்டது லைசென்ஸ் வாங்கிய அன்று மட்டும்தான்.

ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது. டயர் நம்பர் நிற்கும். பண்டிகைக்குத் தன் காரில் வீட்டுக்கு வந்த மைத்துனரை ஒருமுறை, "வாங்க நூத்தி நாப்பத்தஞ்சு, எழுபது, பன்னெண்டு" என்று வரவேற்றார். மைத்துனர் சாப்பிடாமல் போய்விட்டார்.

2012இல் ஒரு நாள் காலை ஹமீதின் கார் வந்து நின்றது. மஞ்சள் நிறம். கூரை கிடையாது. இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் தரை காதுக்குப் பக்கத்தில் இருப்பது போலிருக்கும். ஹமீது கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனத்தில் கல்லூரிக்கு வந்த காலத்திலிருந்து சவரிநாதனைத் தெரியும். இப்போது ஷார்ஜாவில் வேலை. விடுமுறையில் வந்து, சென்னையில் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். மறுநாள் விமானம்.

"சக்கரம் சின்னதா இருக்குதுண்ணா. பதினேழு இஞ்ச் போடு. பாக்கறவன் கண்ணு பிதுங்கணும்."

"அவன் கண்ணும் பிதுங்கும், உன் மட்கார்டும் பிதுங்கும்."

"மெட்ராஸ்ல ஒரு கடையில கேட்டேன். இந்த வண்டிக்குப் பதிமூணத் தவிர எதுவும் ஏறாதுன்னுட்டான்."

சவரிநாதனுக்கு முகம் மாறியது. "ஏறாதுன்னு அவன் எப்பிடிச் சொல்றான்? பதினஞ்சு ஏறும்."

"ஏறுச்சுன்னா?"

"ஏறுச்சுன்னா இன்னா தர்ற?"

ஹமீது யோசித்தார். சாவியை விரலில் சுழற்றினார். "விழுப்புரம் வரைக்கும் நீ ஓட்டு. போய்த் திரும்பி வா. நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

சவரிநாதன் விழுப்புரம் சாலையை ஒரு முறை பார்த்தார். கை கழுவப் போனார். அழுக்கே இல்லாத கையை இரண்டு முறை கழுவினார்.

காரில் இருந்தது நூற்று எழுபத்தைந்து, எழுபது, பதிமூன்று. தரையில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டினார். அந்தத் தூரத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டார். ஹமீது தனியாக ஒரு டெம்போவில் வரவழைத்திருந்த பதினேழை உருட்டினால் கயிற்றைத் தாண்டி மூன்றரை அங்குலம் போனது.

"பாரு பாய். மீட்டரு நூறு காட்டும், வண்டி நூத்தி அஞ்சுல போய்க்கினு இருக்கும். ரிம்மு வளந்தா டயரு இளைக்கணும். மொத்த ஒசரம் மாறக் கூடாது."

கூரைக்கு அடியில் யாரோ விட்டுப்போன நான்கு அலாய் சக்கரங்கள் இருந்தன. நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பது, பதினைந்து. உருட்டினார். கயிற்றின் முடிச்சிலேயே வந்து நின்றது. ஹமீது கைதட்டினார்.

"இரு. ஒசரம் சரி. அகலம் அதிகம். திருப்பும்போது மட்கார்டுல உரசுதான்னு பாக்கணும்." வீட்டுப் பக்கம் திரும்பினார். "பாக்கியம், கேப்பைக் களி கொஞ்சம் கொண்டா."

மனைவி பாக்கியமேரி எட்டிப் பார்த்தாள். "மனுசன் திங்கறதுக்குக் களி கேட்டா குடுப்பேன். காரு திங்கறதுக்குமா?"

அது அவருடைய முறை. எலுமிச்சை அளவு களி உருண்டையை மட்கார்டின் உள்விளிம்பில் அப்புவார். வண்டியை மேம்பாலம் வரை ஓட்டிவரச் சொல்வார். உரசினால் களி வழித்துக்கொண்டு போயிருக்கும். உரசாவிட்டால் வைத்தபடி இருக்கும். ஒரு விதியும் உண்டு: ஓடி வந்த சக்கரத்தைப் பத்து நிமிடம் தொடக் கூடாது. சூடு ஆற வேண்டும். அதுவரை எதிர்க்கடையில் டீ.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் வேன் ஒன்று பின்சக்கரம் பஞ்சராகி ஏற்கெனவே நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் வெங்கடாசலம். வேண்டுதலுக்குக் கொண்டுபோகும் கிடாவைக் கூரைத் தூணில் கட்டியிருந்தார். "பஞ்சர்காரரே, நம்மளுது முதல்ல."

"பத்து நிமிசம்."

நான்கு சக்கரமும் மாட்டி, நான்கு உருண்டையும் அப்பி, ஹமீதை அனுப்பினார். ஹமீது மேம்பாலத்தில் ஏறி இறங்கித் தூணோரம் வந்து நிறுத்தினார். டீ குடித்தார்கள். வந்து குனிந்து பார்த்தார்கள். மூன்று உருண்டை வைத்தபடி இருந்தது. இடது முன்சக்கரத்தில் மட்டும் களி இல்லை. சுத்தமாக இல்லை.

"ஒரு பக்கம் மட்டும் உரசுது" என்றார் சவரிநாதன். இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். புதுக் களி. மேம்பாலம். டீ. இடது முன்பக்கம் மறுபடி காலி.

"பஞ்சர்காரரே, அம்மன் காத்துக்கினு கீறா."

"பத்து நிமிசம்ங்க."

மூன்றாம் முறை, பழைய பதிமூன்றையே மாட்டிப் பார்த்தார். மேம்பாலம். டீ. இடது முன்பக்கம் காலி. கம்பெனியில் போட்டு வந்த சக்கரமே உரசுகிறது.

சவரிநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கண்ணை மூடி வண்டியை முன்னாலிருந்து பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தார். பிறகு டாக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய். வண்டி கோணல். எங்கியோ அடிபட்டு நிமித்தியிருக்காங்க. உன்னை ஏமாத்திட்டான்."

ஹமீது செல்போனை எடுத்து, விற்றவனிடம் கத்தினார். "பேஜாரு பண்றியா? களியே நிக்கலடா! களி! கேப்பைக் களி!" மறுமுனையில் இருந்தவனுக்கு இது ஒன்றும் விளங்கியிருக்க வாய்ப்பில்லை. போனை வைத்துவிட்டான்.

சவரிநாதன் விழுப்புரம் சாலையைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தார். ஸ்பானரைத் துடைத்தார். வேனின் பஞ்சரைப் பார்க்க எழுந்தார்.

பாக்கியமேரி நான்காவது கிண்ணம் களியோடு வந்தவள் நின்றாள். "ஏங்க, கிடாவுக்குத் தாடியில இன்னா அது?"

எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள். கிடா எல்லோரையும் பார்த்தது. தாடியில் பழுப்பாகக் களி. தூணிலிருந்து கயிறு, இடது முன்சக்கரம் வரை சரியாக எட்டியது. அடுத்த சக்கரத்துக்கு ஒரு சாண் போதாது.

முதலில் சிரித்தவர் வெங்கடாசலம். "காலைலருந்து பட்டினி போட்டு இட்டாந்தேன்யா. மூணு வேளை துன்னுடுச்சு!"

ஹமீது கம்ப்ரசர் மேல் சாய்ந்து சிரித்தார். பாக்கியமேரி கிண்ணத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சவரிநாதன் சிரிக்கவில்லை. கிடாவைக் கயிற்றோடு இழுத்துப்போய் எதிர்க்கடை பெஞ்சில் கட்டினார். வேன் பஞ்சரை ஏழு நிமிடத்தில் ஒட்டினார். பதினைந்தை மாட்டி, களி அப்பி, மேம்பாலம் வரை ஹமீதை அனுப்பினார். டீ குடிக்கவில்லை. பத்து நிமிடமும் நான்கு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான்கு உருண்டையும் வைத்தபடி இருந்தன.

ஹமீது சாவியை நீட்டினார். "ஜல்தி போய் வா."

"ரெண்டு சீட்டுதான் பாய்" என்றார் சவரிநாதன், வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு.

"அதான் நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன்னு சொன்னனே."

பாக்கியமேரி புடவை மாற்ற உள்ளே ஓடினாள்.

முப்பது அடி தாண்டியதும் சவரிநாதன் பழக்கத்தில் பிரேக் போட்டார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. "போங்க, இன்னும் ரோடு கீது" என்றாள் பாக்கியமேரி. இரண்டாவது கியர். மூன்றாவது. தலைமுடி, முந்தானை, பேச்சு எல்லாம் பின்னால் பறந்தன. அவள் எதற்கோ கத்தினாள். அவரும் எதற்கோ கத்தினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கை எட்டவில்லை. பாக்கியமேரி இருக்கை மேல் எழுந்து நின்று சீட்டு வாங்கினாள். ஜன்னலில் இருந்தவன், "படம் எடுக்கறாங்களாம்மா?" என்றான். "ஆமா, டெஸ்டிங்கு" என்றாள்.

விழுப்புரம் புறவழிச்சாலையில் ஓரமாக நிறுத்தினார். பத்து நிமிடம் ஆறவிடவில்லை. இடது முன்சக்கரத்துக்குள் கைவிட்டார். களி இருந்தது. காற்றில் காய்ந்து, அவர் விரல் பதித்த தடத்தோடு.

செல்போன் அடித்தது. பாக்கியமேரி எடுத்தாள்.

"எங்க கீறீங்க?" என்றார் ஹமீது.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் திருச்சி என்று அம்புக்குறி போட்ட பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது கியர் இன்னும் பாக்கி.

"விழுப்புரம் வந்துட்டோம் பாய். வலது பக்கம் நல்லா கீதாம். இடது பக்கம்தான் இவருக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகமாம். உளுந்தூர்பேட்டை வரைக்கும் பாத்துட்டு வந்துர்றோம்."