சாந்தகுமாரி கடலுக்குள் இறங்கிய நாள்

ஆஸ்டின் டவுன் மீன்கடையில் சாந்தகுமாரி எந்த மீனை வேண்டுமானாலும் வாங்குவாள், சுறாவை மட்டும் வாங்க மாட்டாள். கடைக்காரர் "பால் சுறாம்மா, புட்டு செஞ்சா சட்டி காலியாயிடும்" என்று எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி, "மொகம் பாத்துப் பழகினத எப்படிங்க திங்கறது?" என்று சொல்லிவிட்டு மத்தியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். பக்கத்தில் நிற்பவர் யாராவது "அது இன்னா சமாச்சாரம்?" என்று வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு. அந்தக் கதையால் அந்தத் தெருவில் பல வீடுகளில் குழம்பு தாமதமாகியிருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கதைக்குத் தொடக்கம் கோலார் தங்கவயலில். அவள் புருஷன் சாமுவேலுக்கு அங்கே சுரங்கத்தில் வேலை. பூமிக்கு அடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஒரு குலுங்கு குலுங்கும். அடுப்படிப் பாத்திரமெல்லாம் உருண்டோடும். அடுத்த நிமிஷம் பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இழுக்கும் பெரிய சக்கரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள்.  சாந்தகுமாரி கல்யாணமாகி வந்த புதிதில் ஆரம்பித்து, மகள் பிரிசில்லா காலேஜுக்குப் போகும் வரைக்கும் அந்த வாசலில் நின்றிருக்கிறாள்.

சாமுவேலோ கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டே வெளியே வருவான். இவளைக் கண்டதும் முகம் மாறிவிடும். "இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? எல்லாரும் பாக்கறாங்க பாரு, வூட்டுக்குப் போ" என்று விரட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள். "கீழ கீறப்போ எங்க நெனப்பு வருமா?"

சாமுவேலுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவனிடம் உள்ள நல்ல குணம், கெட்ட குணமும் அதுதான். "வராது" என்றான்.

அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், சர்ச்சுக்குச் சேர்ந்தே போனாள். முள் மட்டும் இறங்கவில்லை. மேலே ஒருத்தி செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு மனுஷனால் எப்படி மறந்திருக்க முடியும்? கீழே போய் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்க மாட்டார்கள், சட்டமே அப்படி.

தொண்ணூறுகளில் சுரங்க வேலை தேய்ந்துகொண்டே வந்தது. அவள் இருட்டோடு எழுந்து ரயிலேறி, பெங்களூரில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்து போனாள். 2001ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குடும்பம் ஆஸ்டின் டவுனுக்கு வந்தது. சாமுவேல் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனான். பகலெல்லாம் நன்றாகத்தான் இருப்பான், படுத்தால் மூச்சு வாங்கும்.

அப்புறம் மூன்று வருஷம் கழித்து பிரிசில்லாவுக்கு அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு பரிசு கிடைத்தது. லட்சத்தீவுகளில் ஒரு தீவுக்கு இரண்டு பேர் போய் வரலாம், அதில் ஒருவர் ஸ்கூபா டைவிங் செய்யலாம். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, சுறாவையெல்லாம் பக்கத்தில் பார்க்கலாமாம். "அப்பா லைஃப் ஃபுல்லா இருட்டுலயே இறங்கினவரு. ஒருவாட்டி வெளிச்சத்துல இறங்கட்டும்" என்று மகள் சொன்னதும் சாமுவேல் புதுமாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். அது டைவிங்குக்கு முன்னால் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேவை டாக்டர் பார்க்கும் வரைக்கும்தான். நெஞ்சில் இத்தனை சுரங்கத் தூசியை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சாந்தகுமாரி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்ப நா இறங்குறேன்" என்றாள்.

"உனக்கு நீச்சலே தெரியாதேடி!"

"உங்களுக்கு மட்டும் தங்கம் தோண்டத் தெரிஞ்சா போனீங்க? அங்க போய்த்தான கத்துக்கினீங்க."

அல்சூரில் ஒரு நீச்சல்குளம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே பயிற்சி. டைவிங் கம்பெனி ஆள் புட்டராஜு சொல்லிக் கொடுப்பான். கன்னடமும் தமிழும் பிசைந்து பேசுகிறவன். சாந்தகுமாரி மகளின் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு, சேலை இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்க நேர்ந்ததே என்று கூசிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தலை முங்கியதுதான் தாமதம், வாயில் வைத்த குழாயைத் துப்பிவிட்டு அலறிக்கொண்டு மேலே வந்தாள். அடுத்த ஞாயிறும் அதே கூத்து. கரையில் உட்கார்ந்திருந்த சாமுவேல், "விடு சாந்தி, இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றான். அவன் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்ததைக் கேட்டதும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பயபடபேடிம்மா, பயப்படாதீங்க. நிதானவா மூச்சு விடுங்க. அந்த சத்தத்த மட்டும் கேளுங்க" என்றான் புட்டராஜு.

மறுபடியும் முங்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தையல் மிஷின் இரைச்சல், ரயில் இரைச்சல், தெருக்குழாய்ச் சண்டை, ஒன்றும் இல்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. ராத்திரி முழுக்க சாமுவேலின் மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள், தன் மூச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். அது ஒழுங்காகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. புட்டராஜு தோளைத் தட்டி மேலே கூட்டி வரும்வரை அவளுக்கு எழுந்து வர மனசே இல்லை.

கொச்சிக்கு ரயில், அங்கிருந்து கப்பல். இரண்டாம் நாள் காலையில் தீவிலிருந்து ஒரு சின்ன படகு கிளம்பியது. படகோட்டி, புட்டராஜு, சாந்தகுமாரி, கூடவே வந்தே தீருவேன் என்று அடம்பிடித்த சாமுவேல். சிலிண்டரைக் கட்டும்போது சாமுவேல் தானாகவே சொன்னான்: "இறங்கறப்ப காது அடைக்கும். பயந்துக்காத. கூண்டு இறங்கறப்போ எங்களுக்கும் அடைக்கும்."

"இத்தினி வருஷத்துல இத ஒருவாட்டி கூட சொல்லலையே நீங்க?"

"நீ எங்க கேட்ட? எப்ப வருவேன்னு மட்டும்தான கேப்ப."

அவள் குழாயைக் கடித்துக்கொண்டு, புட்டராஜுவின் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் போனாள்.

காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதியதும் திறந்துகொண்டது. கீழே பவளப்பாறை பெரிய பெரிய மேடாகப் பரந்து கிடந்தது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அவள் முகத்துக்கு முன்னாலேயே குறுக்கும் நெடுக்கும் போயின. பாறை இடுக்கில் வெள்ளை மணலில் ஒரு சுறா படுத்திருந்தது. அவள் உயரம் இருக்கும். துடுப்பு நுனியில் வெள்ளை. புட்டராஜு விரலால் காட்டிய திசையில் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று நேராக அவளை நோக்கியே வந்தது. அவள் புட்டராஜுவின் கையை இறுக்கினாள். ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது; செய்ய முடிந்தது மூச்சு விடுவது ஒன்றுதான், விட்டாள். அந்தச் சுறா பக்கத்தில் வந்து, பூனைக் கண் மாதிரி இருந்த கண்ணால் ஒரு பார்வை பார்த்து, இவளிடம் தனக்கு ஒரு ஜோலியும் இல்லை என்பதுபோல வாலைத் திருப்பிக்கொண்டு போயிற்று. சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையும் வந்தது. கர்த்தாவே, இதையெல்லாம் காட்டுவதற்கா என்னை இவ்வளவு தூரம் கூட்டி வந்தாய் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

மேலே வரும் வழியில், படகின் அடிப்பாகம் கண்ணில் பட்டபோதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இறங்கியதிலிருந்து சாமுவேலை அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

படகில் வேறொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. மேலே வந்த காற்றுக்குமிழிகளை வைத்து அவள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சாமுவேலுக்கு, அலை எழும்பியதும் குமிழி தெரியாமல் போய்விட்டது. அவ்வளவுதான், சட்டையோடு குதிக்கப் போயிருக்கிறான். படகோட்டி இடுப்பைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்திருந்தார். அவள் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும், "இவ்ளோ நேரமாடி? இன்னாடி பண்ணிக்கினு இருந்த அங்க?" என்று கத்தினான். கத்திக்கொண்டே அவளைத் தூக்கி ஏற்றினான். அவன் கை கிடுகிடுவென்று ஆடியது.

அவள் நனைந்தபடி உட்கார்ந்து, பல் தந்தியடிக்கச் சுறாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. கீழ உங்க நெனப்பே வரல."

சாமுவேல் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தான். "இப்பவாச்சும் தெரிஞ்சுதா? நெனப்பு வந்தா கை நடுங்கும் சாந்தி. வராததாலதான் நா ஒவ்வொரு நாளும் முழுசா மேல வந்தேன்."

இத்தனை வருஷம் சிக்கியிருந்த முள் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. புட்டராஜுவும் படகோட்டியும் இருந்ததால் அவன் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. கடலைப் பார்த்தபடியே பேசினான். "இங்க கொஞ்ச நேரம் உக்காந்ததுக்கே எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. நீ அந்த சுரங்க கேட்டாண்ட எப்படி நின்ன, அத்தினி வருஷம்? நின்னவள நா தொரத்தி வேற விட்டேன்." துண்டை எடுத்து அவள் தோளில் போட்டான். "தேங்க்ஸ் சாந்தி."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை. அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

புட்டராஜு வேறு சிலிண்டரை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, இன்னொரு ரவுண்டு இருக்கு. அந்தப் பக்கம் பெரிய சுறா வரும். போகலாமா?"

அவளுக்கு ஆசைதான். ஆனாலும் சாமுவேலைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. படகு விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"போயிட்டு வா" என்றான். "நா மேல கீறேன்."